பறைக்குள் போன பெயர்

இகுத்தாக் கடலில் மூழ்கி இறந்த குளிர்காலத்தில் அவனுடைய பறை, பிடிக்க ஆளில்லாமலே தரையிலிருந்து எழுந்து, பாட்டு முடியும்வரை ஆடிவிட்டுத் தானாகவே கீழே படுத்துக்கொண்டது. அந்த வருடம் கடல் தாமதமாக உறைந்தது. நாய்களுக்கு இருமல் வந்தது. தேயிலை வரவேயில்லை. கூக்யுவாக் ஆற்று முகத்துக்கு எதிரே கடல்பனியில் முகாம் போட்டிருந்தவர்கள் அந்த வருடத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் நாய்களின் இருமலைச் சொல்வார்கள், பிறகு தேயிலையை, அதற்கும் பிறகுதான் பறையை.

பறை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் நடந்ததில் யார்மேலும் குற்றமில்லை என்பது விளங்கும். கரையொதுங்கிய மரத்தைச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து வளைத்தால் வளையம். கலைமான் தோலை மயிர் போகச் சுரண்டி, ஈரத்தோடு இழுத்து, வளையத்தின் ஓரத்தில் வெட்டிய பள்ளத்தில் நரம்பால் இறுக்கினால் பறை. தோல் காய்ந்தால் கிழியும், நனைந்தால் தொய்யும். அதனால் ஆட்டத்துக்கு முன் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கொழுப்பு விளக்கின் சூட்டில் காட்டிப் பதம் பார்ப்பார்கள். ஆடுகிறவன் தோலில் அடிப்பதில்லை. கைப்பிடியைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பத் திருப்ப, பறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரளும். கோல் கீழிருந்து வளையத்தின் விளிம்பை மட்டும் தட்டும். பறையின் கனம் ஆளை இழுக்கும், முழங்கால் மடங்கும், அதுதான் ஆட்டம். ஆடுகிறவன் பாடுவதும் இல்லை. ஒருவன் தன் பாட்டைத் தனியாக எங்காவது மான் தேடிப் போகும்போது கட்டுகிறான், கட்டியதை மனைவியிடம் ஒப்படைக்கிறான். அதன்பின் அவள் எடுத்தால்தான் அவன் ஆடலாம், அவள் விட்டால்தான் அவன் நிற்கலாம். மற்ற பெண்கள் சுற்றி நின்று சேர்ந்துகொள்வார்கள். பாட்டு ஒரு வீடு என்றால் ஆடுகிறவன் உள்ளே இருக்கிறான், கதவு மனைவியின் வாயில் இருக்கிறது.

பெயரின் விஷயம் இதைவிட எளிது. ஆள் சாவான், பெயர் சாகாது. அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதை வைக்கும்வரை வெளியே குளிரிலும் தாகத்திலும் காத்துக்கொண்டிருக்கும். வைத்தபின் அந்தக் குழந்தைதான் அவன், செத்தவனைக் கூப்பிட்ட முறையிலேயே அதையும் கூப்பிடுவார்கள். அதுவரை அந்தப் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள், அவனுடைய பாட்டை யாரும் எடுக்கமாட்டார்கள். கூப்பிட்ட இடத்துக்குப் பெயர் வந்துவிடும் என்பதால். இகுத்தாக் புதுப்பனி உடைந்து உள்ளே போனபோது அவன் மனைவி கனயோக் கர்ப்பமாக இருந்தாள். ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இகுத்தாக்கின் அக்கா தாக்து, பிறக்கப்போகும் தம்பிக்கு முயல்தோலில் சட்டை தைத்து வைத்துவிட்டாள்.

அப்போதுதான் கிழக்கிலிருந்து உக்காலிக் வந்தான். அவன் இகுத்தாக்கின் பாட்டுக் கூட்டாளி. அப்படிப்பட்ட இருவர் ஒருவர் பாட்டை மற்றவர் பாடலாம், ஒருவரையொருவர் கிண்டல் செய்து பாட்டுக் கட்டலாம், யாரும் கோபப்படக் கூடாது. தூரத்திலிருந்து வரும் கூட்டாளி யாரிடமும் நலம் விசாரிக்கமாட்டான். அவனுடைய சறுக்குவண்டி கண்ணில் பட்டதுமே முகாமில் ஆட்டவீடு கட்டத் தொடங்குவார்கள், நாலு பனிவீட்டை ஒன்றாக்கினது போலப் பெரிதாக. அவன் நேரே அதற்குள் நுழைந்து, தன் கூட்டாளியின் பாட்டை எடுப்பான். கூட்டாளி கூட்டத்திலிருந்து வெளியே வந்து பறையைப் பிடிப்பான். முதல் பாட்டுக்கு முன்னால் விருந்தாளியிடம் செய்தி சொல்வது மரியாதை இல்லை. பாதியில் பாட்டை முறித்தால் காலடியில் பனி முறியும். இந்த இரண்டு வழக்கங்களுக்கும் நடுவில் உக்காலிக் இகுத்தாக்கின் பாட்டைப் பாடினான், முகாம் முழுவதும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு நின்றது.

இரண்டாவது அடியில் பறை எழுந்தது. ஆள் உயரத்துக்கு வந்து இப்படியும் அப்படியும் புரண்டது. கோலும் கூடவே எழுந்து விளிம்பைத் தட்டியது. கீழே பனித்தரையில் இரண்டு பாதங்களின் அழுத்தம் விழுந்தது, விழுந்து மாறியது. தோலில் உட்பக்கமிருந்து ஆவி படிந்தது, யாரோ அருகில் வாய் வைத்து மூச்சு விடுவதுபோல. உக்காலிக் மட்டும் சிரித்துக்கொண்டே பாடி முடித்தான்.

"டேய் பங்காளி, புதுசா வித்தை கத்துக்கிட்டியா? வெளிய வாடா, மூஞ்சியக் காட்டு!"

யாரும் வரவில்லை. தாக்துதான் சொன்னாள். "அவன் கடல் உறையறப்பவே போயிட்டான் தம்பி."

"அப்ப இப்ப ஆடினது யாரு?"

"அவன்தான்."

அதன்பிறகு முகாமுக்கு நல்ல காலம் வந்தது என்று சொல்லவேண்டும். பனியில் மூச்சுவிட வரும் துளைகளில் கடல்நாய்கள் தாமாகவே வந்து அகப்பட்டன. இருமிய நாய்கள் தேறின. வாய்ப்பு கிடைத்தபோதெல்லாம் இகுத்தாக்கின் பாட்டை எடுத்தார்கள், பறை எழுந்து ஆடியது, உயிரோடு இருந்தபோது ஆடியதைவிட நன்றாக. அதைத் தம்பி என்றும் மச்சான் என்றும் சித்தப்பா என்றும் அவரவர் முறை சொல்லிக் கூப்பிட்டார்கள். தெளித்த தண்ணீரை அது குடித்தது. தோல் நனைவதற்குள் தண்ணீர் காணாமல் போகும். இது யாருக்கும் உறுத்தவில்லை. பெரியவர்களின் முகங்களில், வீட்டுக்கு விருந்து வந்த களை இருந்தது.

பிறகு கனயோக்குக்கு ஆண்குழந்தை பிறந்தது. மருத்துவச்சி தொப்புள்கொடியை அறுத்து, இகுத்தாக் என்று கூப்பிட்டாள். குழந்தை திரும்பவில்லை. அவர்கள் இருந்த குளிரில் மனிதரோ நாயோ மூச்சு விட்டால் புகையாகத் தெரியும். அந்தக் குழந்தை மூச்சு விட்டது, மார்பு ஏறி இறங்கியது, புகை மட்டும் வரவில்லை. உதட்டில் வைத்த பனித்துகள் உருகாமல் அப்படியே இருந்தது. போன தலைமுறையில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். ஒவ்வொரு பெயரையும் கொஞ்சநேரம் வைத்திருந்து பாலைக் கக்குவதுபோலக் கக்கியது. நாளுக்கு நாள் எடை குறைந்தது. தாயின் முதுகுப்பையில் அது இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இருட்டுக் காலம் முடிந்து சூரியன் திரும்பி வரும்வரை தாங்காது என்று மருத்துவச்சி சொன்னாள். பெயர் பறைக்குள் இருக்கிறது என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கனயோக் சொன்னாள். கடல்நாய்த் தோல் சுரண்டிக்கொண்டிருந்த தாக்துவின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, இனிமே அந்தப் பாட்ட யாரும் எடுக்கக் கூடாது."

"ஏன்டி? என் தம்பி சந்தோஷமா ஆடுறது உனக்குப் பொறுக்கலையா?"

"உங்க தம்பி என் முதுகுல சாகக் கிடக்கறாரு."

"முதுகுல இருக்கறது யாருன்னு எனக்குத் தெரியாது. ஆடுறவன எனக்கு நல்லாத் தெரியும். அவன நான் தூக்கி வளத்தவ."

இருந்தாலும் பாட்டை நிறுத்தினார்கள். பறை உறைக்குள் கிடந்தது. குழந்தை தேறவில்லை. சும்மா விட்டால் பெயர் எங்கேயும் போகாது, இருக்கிற இடத்தில்தான் இருக்கும். தோலைக் கிழித்துவிடலாமா என்று ஒருத்தி கேட்டாள். கிழித்தால் பெயர் கடலுக்குப் போகும், அவன் இரண்டாம் முறை மூழ்குவான் என்றார்கள். அவனாக வெளியே வரவேண்டும். பெரிய ஆட்டக்காரன், ஊரே பார்க்க ஆடிக்கொண்டிருப்பவன், பேச்சு வராமல் பல்லில்லாமல், குழந்தைக்கு அடியில் விரிக்கும் பாசியை நனைத்துக்கொண்டு படுத்துக் கிடக்க எதற்கு வருவான்? இதுதான் சிக்கல்.

வந்த வேலை முடிந்தும் உக்காலிக் ஊருக்குத் திரும்பாமல் இருந்தான். தான் பாடியதால் வந்தது என்ற எண்ணம் அவனுக்கு. வழி கண்டுபிடித்தவனும் அவன்தான். ஆடுகிறவன் ஒரே ஒரு சமயத்தில்தான் தன் பாட்டுக்கு வெளியே நிற்கிறான். கூட்டாளி அவனைக் கிண்டல் செய்து பாடும்போது. அப்போது அவன் பறையைத் தொடக் கூடாது, நகரக் கூடாது, கடைசி அடிவரை சிரித்த முகமாய்க் கேட்கவேண்டும். அந்த வழக்கத்தை மீறிய ஆளை அவன் பார்த்ததில்லை, செத்தவன் மீறுவான் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை.

மறுபடி எல்லாரையும் ஆட்டவீட்டில் கூட்டினார்கள். பறையை நடுவில் வைத்தார்கள். உக்காலிக் அதற்கு எதிரே கையை வீசிக்கொண்டு ஆரம்பித்தான்.

"மீன் புடிக்கப் போனானாம் என் பங்காளி, மீனுங்க இவனப் புடிச்சுக்கிட்டு விடலையாம்! பனி மெலிசுன்னு நாய்க்குத் தெரிஞ்சுது, ஏய், நாய்க்குத் தெரிஞ்சுது, நாய்க்காரனுக்குத் தெரியல!"

கூட்டம் சிரித்தது. பறையின் தோலில் ஒரு நடுக்கம் ஓடி நின்றது.

"பொண்டாட்டி அங்க அழறா, இவருக்கு இங்க ஆட்டம் கேக்குது! ஒத்தையா நின்னு கரடி குத்தினவன், பச்சப்புள்ள மூத்திரத்துக்குப் பயந்து தோலுக்குள்ள ஒளிஞ்சிருக்கான் பாருங்க!"

இதற்குத் தாக்து சிரித்துவிட்டாள். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. வளர்த்த அக்காவே சிரித்தபின் ஒருவனுக்கு அங்கே என்ன இருக்கிறது? தோலில் வியர்வை மாதிரி நீர்த்துளிகள் அரும்பின. கனயோக் முதுகுப்பையிலிருந்து குழந்தையை எடுத்து, துணியில்லாமல் பறையின்மேல் கிடத்தினாள். ஒரு இறகை வைத்ததுபோலத் தோல் அசையவேயில்லை.

"ஏங்க, போதும்," என்றாள். "வாங்க. புள்ளைக்குக் குளிருது."

தோல் மெல்லக் கீழே குழிந்தது. வளர்ந்த ஆண் ஒருவன் ஏறிப் படுத்தால் எவ்வளவு குழியுமோ அவ்வளவு குழிந்து, பிறகு குழந்தையின் அளவுக்கு மேலே வந்தது. குழந்தையின் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. அது கண்ணைத் திறந்து உக்காலிக்கைப் பார்த்தது. பதில் பாட்டு ஒன்றைக் கட்டி வைத்திருப்பவன் பார்க்கிற பார்வை அது. உக்காலிக் அன்றே நாய்களைப் பூட்டிக் கிளம்பிவிட்டான்.

குழந்தையைத் தாக்து தம்பி என்று தூக்கிக் கொஞ்சினாள். கனயோக், முறைப்படி, "ஏங்க, பால் குடிச்சிட்டுத் தூங்குங்க" என்பாள். அது குடித்துவிட்டுத் தூங்கும். கன்னத்தில் சதை வைத்தது. அடுத்த குளிர்காலத்தில், இனிப் பயமில்லை என்று நினைத்து, பெண்கள் இகுத்தாக்கின் பாட்டை எடுத்தார்கள். பறை எழுந்தது. கனயோக்கின் முதுகில் குழந்தையின் மூச்சுப்புகை நின்றது. அவள் கையை உயர்த்திப் பாட்டை அடக்கினாள். காலடியில் பனி விரிசல் விட்டது. பறை படுத்தது, புகை திரும்பி வந்தது. ஆள் வந்துவிட்டான், ஆட்டத்தை மட்டும் விட்டுவிட்டு வரவில்லை என்று புரிந்துகொண்டார்கள். அந்தப் பாட்டே வேண்டாம் என்று ஒரு குளிர்காலம் முழுக்க அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பையன் மறுபடி மெலிந்தான், உதட்டில் விழுந்த பனி உருக நேரமாயிற்று. ஆகவே பாடவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும். கடல்நாய் ஒன்று மூழ்கி மறுபடி துளைக்கு வருகிற நேரம், அவ்வளவுதான் அவனால் தாங்க முடிந்தது. அதுமுதல் அந்தப் பாட்டைக் கனயோக்கைத் தவிர யாரும் எடுப்பதில்லை என்று ஏற்பாடாயிற்று. கதவைப் பிடித்திருக்க வேண்டியவள் அவள்தானே என்று தாக்துவே சொல்லிவிட்டாள்.

வருடங்கள் போயின. துப்பாக்கிகள் வந்தன, தேயிலை தாராளமாக வந்தது, தாக்து இறந்து அவள் பெயர் ஒரு சிறுமிக்குப் போயிற்று. இகுத்தாக் நல்ல வேட்டைக்காரனாக வளர்ந்தான், பனியின்மேல் மட்டும் கொஞ்சம் சந்தேகம் உள்ளவனாக. அவன் பறையைக் கையால் தொட்டதில்லை. ஆட்டவீட்டில் தன் பாட்டு வந்ததும் சுவரோரம் போய் உட்காருவான். கண் திறந்திருக்கும், முகத்தில் ஒன்றும் இருக்காது, வாயில் புகை வராது. அவனுக்கு எதிரே பறை எழுந்து ஆடும். வெளியூர்க்காரர்கள் யார் ஆடுவது என்று கேட்டால், இதோ இவர்தான் என்று சுவரோரத்தைக் காட்டிவிட்டு மறுபடி பாட்டைக் கவனிப்பார்கள்.

அவன் இவாலு என்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டபோது, பாட்டை அவளிடம் ஒப்படைக்கும் நாள் வந்தது. கனயோக் அவளுக்கு ராகத்தைச் சொல்லிக்கொடுக்கும் முன்பே, நிறுத்துவதைச் சொல்லிக்கொடுத்தாள். எந்த அடியிலும், எந்தச் சொல்லின் நடுவிலும், பனி முறியாதபடி பாட்டை மடக்கி முடிக்கிற விதம் அது. அவளே இத்தனை வருடத்தில் கண்டுபிடித்தது.

"இன்னும் ஒரு அடி போலாமே அத்தை," என்றாள் இவாலு ஒருமுறை. "எவ்ளோ நல்லா ஆடுறாரு!"

"நல்லா ஆடுறப்பதான்டி நிறுத்தணும்."

இவாலு அதைக் கற்றுக்கொண்டாள். விருந்தாளிகள் எல்லாரும் பறையையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் சுவரோரம் இருக்கும் புருஷனின் வாயைப் பார்த்துக்கொண்டே பாடுகிறாள்.