கேட்காமலே சொன்ன 'மாட்டார்'

ஐம்பத்தெட்டில் மாத்தளையில் இருந்த எங்கள் பாத்திரக் கடைக்குக் கொழும்பிலிருந்து பிளாஸ்டிக் தட்டுகள் வந்தன. பெட்டியில் 'அன்பிரேக்கபிள்' என்று அச்சடித்திருந்தது. எட்டாம் வகுப்புவரை இங்கிலீஷ் படித்தவள் நான். என் கணவர் இத்ரூஸுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. கேள்விக்கு மட்டும் குறைவில்லை.

"பிரேக் எண்டா உடையிறது. முன்னுக்கு 'அன்' போட்டா உடையாது," என்றேன்.

அவ்வளவுதான், மனிதர் சோறு தண்ணீர் மறந்தார். கடையிலிருந்த எழுத்தையெல்லாம் வாசிக்கச் சொன்னார். சாயப் பெட்டியில் 'நொன் டொக்சிக்' இருந்தது: விஷமில்லாதது. பில் கட்டச் சொல்லிக் கரண்ட் கந்தோர் அனுப்பிய கடிதத்தில் 'டிஸ்கனெக்ட்' இருந்தது.

"இதுவும் இல்லையெண்டு சொல்றதா?"

"இல்ல, இது இருந்ததக் கழட்டுறது."

பக்கத்துக் கடை வாசலைக் காட்டினார். "சரி, சீனி மூட்டையில ஏன் விஷமில்லையெண்டு எழுதல்ல?"

"சீனியில விஷமிரிக்குமெண்டு யாரு நெனக்கிற?"

"அப்ப, பயமிருக்கிற எடத்திலதான் இந்த 'இல்ல' வந்து குந்துது."

எனக்கே அது தோன்றியதில்லை. பாராட்டினால் தலைகால் தெரியாமல் ஆடுவார் என்று தட்டுகளை அடுக்கப் போனேன்.

மறுநாள் உக்குவளையிலிருந்து, அண்ணன் முறையில் நாங்கள் நானா என்றழைக்கும் அப்துல் ஸமத் வந்தார். மகள் ஹிதாயாவின் கல்யாணத்துக்கு நூறு தட்டு வேண்டும். மாப்பிள்ளை கலேவெல வியாபாரி, முதல் மனைவியை விட்டவர். நான் தட்டுகளை எடுத்து வைக்க, என் கணவர் தன் கண்டுபிடிப்பை அவிழ்த்துவிட்டார். கண்ணால் ஜாடை காட்டினேன். சீனி மூட்டைவரை சொல்லித்தான் ஓய்ந்தார்.

ஸமத் நானா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"தரகன் மாப்பிளையப் பத்தி மொதல்ல சொன்னதே, பொம்புளைக்குக் கை நீட்ட மாட்டார் எண்டுதான்," என்றார். "நான் அதக் கேக்கவே இல்லியே."

தட்டு வாங்காமல் நேரே எதிரிலிருந்த பஸ் நிலையத்துக்குப் போனார். கலேவெல பஸ்ஸில் ஏறியதைக் கண்டேன். நூறு தட்டு வியாபாரம் போனது. வயிறெரிந்து இவரோடு பேச்சை நிறுத்தினேன்.

நாலாம் நாள் ஸமத் நானா மறுபடி வந்தார். உட்காரச் சொன்னதுகூடக் காதில் விழவில்லை.

"அந்தாளுட மொதப் பொஞ்சாதியப் பாத்தேன், தங்கச்சி. எடது கை முழங்கைக்குக் கீழ கோணி நிக்கிது. முறிஞ்ச கைக்குக் கட்டுப் போடக்கூட விடல்லியாம். கல்யாணத்த நிப்பாட்டிட்டேன். ஹிதாயாக்குப் பத்தொம்பது வயசு."

நான் உள்ளே போய் இருவருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினேன். நாலு நாளைக்குப் பிறகு இவருக்கு நான் ஊற்றும் முதல் தேத்தண்ணீர். அதில் சீனி கொஞ்சம் கூடவே போட்டேன்.