நட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு

அவனுக்கு மாப்பிள்ளை என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான். கிரீஸ் வேலைக்கு வரும்போதுகூட இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நிற்பான். "என்ன மாப்பிள்ளை, பொண்ணு பாக்க வந்தியா, வண்டி பாக்க வந்தியா?" என்று ஒருநாள் கேட்டேன். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. செல்லமாகப் பெயர் வைத்துக் கூப்பிட்ட என் வாயில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்.

நாங்கள் நாலு பேர். நான் பல் செட் செய்கிறவள், ஒரு கிளினிக்கின் பின்னறையில் நாளெல்லாம் மற்றவர் வாய்க்கு அளவெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் தம்பி சலூன் வைத்திருந்தான். போஸ்ட்மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை ஃபர்னிச்சர் கடைக்காரன். பழைய கார் என்றால் நாலு பேருக்கும் கிறுக்கு. ஞாயிறு காலையானால் என் வீட்டு ஷெட்டில் கூடிவிடுவோம். இவர் வண்டிக்கு அவர் அடியில் படுப்பார், அவர் வண்டிக்கு நான் படுப்பேன். டீ போடுவது மட்டும் தம்பி. நான் போட்டால் டீசல் வாடை வருகிறது என்பான், கழுதை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நட்டை முழுசாக இறுக்கி முடித்ததும், நட்டிலிருந்து போல்ட்டின் முனை வரைக்கும் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்போம். ஆளுக்கு ஒரு நிறம். எனக்குச் சிவப்பு, தம்பிக்கு நீலம், போஸ்ட்மாஸ்டருக்கு அவர் மனைவியின் மினுமினுப்பு ரோஸ். மாப்பிள்ளைக்குப் பச்சை. அவன் பெண்டாட்டி தெரியாமல் வாங்கிவிட்டு, பூசிக்கொள்ள வெட்கப்பட்டு அவனிடம் கொடுத்தது. கோடு போட்டாயிற்று என்றால் 'இதற்கு நான் பொறுப்பு' என்று அர்த்தம். கோடு போட்ட நட்டில் இன்னொருவர் ஸ்பேனர் வைக்கக்கூடாது. வைத்தால், உன்னை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

தம்பியின் வண்டியை அந்த வழக்கப்படிதான் முடித்தோம். முன்சக்கரங்களைத் திருப்புகிற ஸ்டியரிங் கை ஒவ்வொரு பக்கமும் இரண்டு போல்ட்டில் நிற்கும். இடது பக்கம் நான், வலது பக்கம் மாப்பிள்ளை. அன்றைக்கு அவன் கடையில் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. போன் மேல் போன். சட்டையைத் தட்டிக்கொண்டு அவசரமாகக் கிளம்பினான்.

மறுநாள் காலை தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வலது சக்கரம் தன் பாட்டுக்கு வேறு பக்கம் போயிருக்கிறது. சுவரில் போய் மோதி நின்றது. அவன் வலது கை கதவுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கிவிட்டது. மூன்று விரல் இன்றுவரை மடங்காது. கத்தரிக்கோல் பிடிக்கிறவனுக்கு விரல் மடங்காவிட்டால் என்ன மிச்சம் இருக்கிறது, சொல்லுங்கள்.

நான் தம்பியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போஸ்ட்மாஸ்டரும் கூட வந்தார். "நீங்க போங்க அக்கா, வண்டியை நான் பாத்துக்கறேன்" என்றான் மாப்பிள்ளை. பார்த்துக்கொண்டான். நொறுங்கிய வண்டியை இழுத்துவந்து என் ஷெட்டில் இறக்கிவைத்தான். சாயங்காலம் போஸ்ட்மாஸ்டர் டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தார். வலது பக்கத்து நட்டுகளில் ஒன்று வழியிலேயே விழுந்துவிட்டிருந்தது. இன்னொன்று கழன்று, போல்ட்டின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் சிவப்புக் கோடு.

"நான் அந்தப் பக்கம் தொடவே இல்ல சார்" என்றேன்.

போஸ்ட்மாஸ்டர் டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மாப்பிள்ளைதான் மெதுவாக, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னான். "நான் போனப்புறம் நீங்கதானே அக்கா அடியில படுத்திருந்தீங்க? ஞாபகம் இல்லையா? விடுங்க. கை தவறுறது எல்லாருக்கும் உள்ளதுதான்."

ஆஸ்பத்திரியில் தம்பியும் கேட்டான். நான் தொடவில்லை என்றே சொன்னேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா, விட்டுடறேன். பொய் சொல்லாத. அதான் தாங்கல." செய்யாத தப்பை எப்படி ஒத்துக்கொள்வது? நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவன் பேச்சை நிறுத்திவிட்டான். அப்பா அம்மா போன பிறகு நானே தூக்கி வளர்த்த பிள்ளை, தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனான். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவன் என்னை நம்ப வேண்டும், அவ்வளவுதான். நாளாக ஆக எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை படுத்தேனோ, தொட்டேனோ என்று பல் செட்டுக்கு மெழுகு ஊற்றிக்கொண்டே யோசிப்பேன்.

அந்தக் காலத்தில் என் வீட்டுக்கு வந்துபோன ஒரே ஆள் மாப்பிள்ளை. பழம் வாங்கி வருவான், ஆறுதல் சொல்லுவான். நானும் அவனைக் கடவுளே அனுப்பினார் என்று நினைத்து, நல்ல கோப்பையில் காபி கொடுத்தேன். அதில் நான் விஷம் வைத்திருந்தாலும் தப்பில்லை!

பிறகு பேராசை வந்து அவனைக் காட்டிக்கொடுத்தது. அவனும் தம்பி வண்டியைப் போலவே ஒன்றை வாங்கி, தன் வீட்டில் பிரித்துப்போட்டிருந்தான். "அந்த வண்டி சும்மாதானே கிடக்கு அக்கா. ஹெட்லைட் வளையம் ஒண்ணு கெடைக்குமா?" என்று கேட்டான். நொறுங்கிய நாளிலிருந்து நான் அந்த வண்டியின் தார்ப்பாயைத் தூக்கியதில்லை. அவனுக்காகத் தூக்கினேன். வளையத்தின் ஸ்க்ரூ ஒன்று கீழே உருண்டுவிட்டது. அதை எடுக்கக் குனிந்தவள், அந்த நட்டை முதல்தடவையாகப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

கோடு நேராக இருந்தது.

நாங்கள் கோடு போடுவதே எதற்கு? நட் கழன்றால் சுற்றும். சுற்றினால் கோடு உடையும். ஒரு பாதி போல்ட்டில் நிற்கும், மறு பாதி நட்டோடு வேறு பக்கம் போகும். பார்த்ததுமே தெரிந்துவிடும். இந்த நட்டோ விளிம்பு வரைக்கும் கழன்று தொங்குகிறது, கோடு மட்டும் போல்ட்டிலிருந்து நட்டுக்கு முடி அளவுகூட விலகாமல் ஓடுகிறது. அப்படியென்றால் நட் கழன்ற பிறகு போட்ட கோடு அது. கை பழக்கம் அவனை விடவில்லை. திருட்டுத்தனம் செய்யும்போதும் அழகாக, ஒரே இழுப்பில் இழுத்திருக்கிறான்.

பஞ்சில் தின்னரை நனைத்து, கோட்டின் ஓரத்தில் வைத்துத் தேய்த்தேன். சிவப்பு கரைந்தது. அடியில் பச்சை. போல்ட்டில் ஒரு துண்டு, நட்டில் எங்கோ தள்ளி, கிரீஸ் அழுக்குக்கு அடியில் ஒரு துண்டு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அவன் இறுக்க மறந்ததைக்கூட நான் மன்னித்திருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன். என் தம்பி ரத்தம் சொட்டச் சொட்ட ஆஸ்பத்திரி போய்க்கொண்டிருக்கும்போது, என் பெட்டியைத் திறந்து, என் பாட்டிலை எடுத்து, பழியை என் தலையில் கட்டியிருக்கிறானே! அப்புறம் பழம் வேறு!

அன்றே போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடித்தால் என்ன நடக்கும்? அழுவான், காலில் விழுவான், போஸ்ட்மாஸ்டர் சமாதானம் பேசுவார், எல்லோரும் டீ குடிப்போம். அது எனக்குப் போதாது. போல்ட்டை நட்டோடு அறுத்தெடுத்துக் கைக்குட்டையில் சுற்றிவைத்தேன். ஹெட்லைட் வளையத்தைப் பளபளவென்று துடைத்து, "இந்தா மாப்பிள்ளை" என்று அவனிடம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

அவன் வண்டி முடிகிற நேரம். போஸ்ட்மாஸ்டர் முன்னிலையில் பெரிய மனுஷன்போல் சொன்னான். "முன்சக்கரம், ஸ்டியரிங் எல்லாம் அக்காதான் இறுக்கணும். நடந்தது நடந்துபோச்சு. எனக்கு இவங்க மேல நம்பிக்கை இருக்கு."

"உன் மனசு யாருக்குப்பா வரும்!" என்று போஸ்ட்மாஸ்டர் உருகிப்போனார். எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. சரி என்றேன்.

ஒரு ஞாயிறு முழுக்க அவன் வண்டிக்கு அடியில் கிடந்தேன். ஒவ்வொரு நட்டையும் அளவு ஸ்பேனர் வைத்து, அது 'டக்' என்று சொல்லும் வரைக்கும் இறுக்கினேன். ஒன்றைக்கூட விடவில்லை. அந்த வண்டியில் அவன் மகள் உட்காரப்போகிறாள். நான் அவனல்ல. எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு இழுத்துவிட்டு, எழுந்து கை கழுவினேன்.

வண்டி முதன்முதலாக ரோட்டுக்கு வருகிற அன்று அவன் வீட்டு வாசலில் கூட்டம். மற்ற பழைய வண்டிக்காரர்களும் வந்திருந்தார்கள். அவன் பெண்டாட்டி முன்சீட்டில், மகள் பின்சீட்டில். என் தம்பியை எப்படியாவது அழைத்துவரச் சொல்லி போஸ்ட்மாஸ்டரைக் கெஞ்சியிருந்தேன். அவன் வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டோரம் நின்றான். மாப்பிள்ளை சாவியைத் திருகினான். எஞ்சின் முதல் அழைப்பிலேயே எழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"மாப்பிள்ளை, ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். இந்த வண்டியில ஒரு நட்டை நான் இறுக்கல. கோடு மட்டும் போட்டிருக்கேன். எதுன்னு சொல்ல மாட்டேன்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பெண்டாட்டி கதவைத் திறந்து, மகளைத் தரதரவென்று வெளியே இழுத்தாள். எஞ்சினை நிறுத்தக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"என்னக்கா வெளையாட்டு இது? கொழந்தை உக்காந்திருக்கா. யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?"

"பண்ண மாட்டாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

கைக்குட்டையைப் பிரித்து, போல்ட்டை போஸ்ட்மாஸ்டர் கையில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "கழன்ற நட்டுல கோடு எப்படி நேரா நிக்கும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "அடியில பச்சை" என்றார்.

தம்பி வந்து அதை இடது கையால் வாங்கினான். பார்த்தான். "பச்சை உன்னோடது" என்றான் மாப்பிள்ளையிடம்.

"லோடு இறங்குதுன்னு போன் மேல போன் வந்துச்சு. வந்து இறுக்கிக்கலாம்னு கோடு மட்டும் போட்டுட்டுப் போனேன். மறந்துட்டேன்டா. சத்தியமா மறந்துட்டேன்."

"மறந்தே, சரி. செவப்பு?"

மாப்பிள்ளை அப்போதுதான் எஞ்சினை நிறுத்தினான். பெண்டாட்டி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள், அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். என் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்று தம்பி என்னோடு நடந்தே என் வீட்டுக்கு வந்தான். டீ போட்டான். "என்னை மன்னிச்சுடுக்கா" என்றான். போடா என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் போய் அழுது தீர்த்தேன்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அவன் வர ஆரம்பித்தான். சாப்பிட்டுவிட்டு இருப்பான், சாயங்காலம் என் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன். அப்படி ஒரு ஞாயிறு மாப்பிள்ளை வந்து வாசலில் நின்றான். உள்ளே கூப்பிடவில்லை.

"மூணு தடவை பிரிச்சு மாட்டிட்டேன் அக்கா. எல்லா நட்டும் புதுசு போட்டாச்சு. இருந்தும் ஓட்ட முடியல. வளைவு வந்தா வண்டியை நிறுத்திடறேன். நட்டு மட்டுந்தானா, வேற எதாவது பண்ணினீங்களா? விக்கலாம்னா ஒருத்தனும் வாங்க மாட்டேங்கறான். எதுன்னு சொல்லிடுங்க, உங்க கால்ல விழறேன்."

தம்பி என் பின்னால் வந்து நின்றான். "சொல்லித் தொலையேன்க்கா" என்றான்.

"ஒண்ணுமே பண்ணல" என்றேன். "எல்லாத்தையும் இறுக்கினேன். ஒண்ணு பாக்கியில்லாம."

மாப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. "இன்னும் உங்க ஆத்திரம் தீரலையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். நான் உண்மையைச் சொல்லி, அதை நம்பாமல் ஒருத்தன் போவதை இன்னொரு தடவை பார்த்தேன். கேளுங்கள், ஒளிக்க மாட்டேன், இந்தத் தடவை இனித்தது. தெருமுனை திரும்பும் வரைக்கும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே வந்து கார் சாவியை எடுத்தேன். தம்பி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே கேட்டான்.

"அக்கா, நெஜமாவே எல்லாத்தையும் இறுக்கினியா?"

"இறுக்கினேன்டா."

சரி என்று தலையாட்டினான். செருப்பு வாரை இடது கையால் மாட்டி முடிக்க அவனுக்கு நேரம் பிடித்தது. முடித்து எழுந்தான்.

"நீ இரு அக்கா" என்றான். "நான் பஸ்ல போய்க்கறேன்."