ஆறாவது தெருக்காரர்

அப்பாவின் சாம்பல் நிறக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ஜூடித்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஃபோஸ்டர் லேனில் முதலில் போனது சால் பெர்டோனியின் ஆப்ரிகாட் தோப்பா, நகமோட்டோ வீட்டுப் பூந்தோட்டமா? புல்டோசர் வந்த காலையை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அப்படித்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால் அன்றைக்குத் தான் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டும் என்றும், ராத்திரி சாப்பாட்டு மேசையில் அப்பா கையைக் காலை ஆட்டிச் சொன்னதைத்தான் தன் கண் எடுத்துவைத்துக்கொண்டது என்றும் தோன்றியது.

"அம்மா, எது முதல்ல போச்சு? தோப்பா, பூந்தோட்டமா?"

ஜெயலீலா மேசையில் உட்கார்ந்து கறுப்புச் சேலைக்கு ஏற்ற ஊக்கு தேடிக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் உங்கப்பாவுக்குத்தான் தெரியும். அவங்கட்ட கேளு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்றது. ஜூடித் கோட்டைத் திருப்பிப் போட்டாள்.

மோசஸ் முந்தாநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பக்கத்துக் கட்டில்காரரோடு பேஸ்பால் பற்றி ஒரு வாதத்தை ஜெயித்துவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று கண்ணை மூடியவர்தான். அடக்கம் நாளைக் காலை. செய்தி கேட்டு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சான் ஹோசேக்கு ஒரே மூச்சில் காரோட்டி வந்த ஜூடித்துக்கு அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. ஏனென்றால் சவப்பெட்டி தூக்க ஆள் இல்லை.

அடக்கத்தை நடத்தித் தரும் ஃபியூனரல் ஹோமிலிருந்து விட்லோ என்பவர் காலையில்தான் போன் பண்ணியிருந்தார். ஆறு பேர் வேண்டும். கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம், சக்கரம் வைத்த வண்டி இருக்கிறது, சத்தமே போடாமல் உருளும் என்றார். ஜூடித் சரி என்று சொல்ல வாயெடுத்தபோது எதிரே அம்மா தலையை ஆட்டினாள்.

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க உங்கப்பா? என்னய வண்டியில வச்சுத் தள்ளாதீங்க, நான் என்ன சூப்பர்மார்க்கெட் சாமானா, நம்ம தெருக்காரங்க தூக்கட்டும்னு சொன்னாங்கல்லா?"

"எந்தத் தெரு அம்மா? தெருவே இல்லியே. அங்க பார்க்கிங் லாட்தான் இருக்கு."

"தெரு இல்லன்னா என்ன, ஆளு இருக்காங்கல்லா. போன் பண்ணு."

"எல்லாரும் கிழவனாயிருப்பாங்க. யாரும் வரலன்னா?"

ஜெயலீலா ஊக்கை வாயில் கவ்விக்கொண்டாள்.  சாகப்போகிறவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதுவும் தன் கையில் வந்து விழுந்திருக்கிறது என்று ஜூடித் நினைத்துக்கொண்டாள்.

ஃபோஸ்டர் லேனுக்கு அவர்கள் வந்தபோது ஜூடித்துக்கு ஐந்து வயது. பெர்க்கிலியில் படிப்பை முடித்த மோசஸுக்குப் பழம் அடைக்கும் ஃபேக்டரி ஒன்றில் வேலை கிடைத்தது. டப்பாவுக்குள் போகும் பழத்தின் புளிப்பைச் சோதித்துப் பார்க்கிற வேலை. நாசரேத்திலிருந்து மனைவியையும் மகளையும் வரவழைத்துத் தோப்புகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னத் தெருவில் குடிவைத்தார். தெருவில் இத்தாலிக்காரர் இருந்தார், போர்ச்சுகீசியர் இருந்தார். யுத்தகாலம் முழுக்க அமெரிக்க சர்க்காரின் முகாமில் அடைபட்டிருந்து திரும்பி வந்த ஜப்பானியக் குடும்பம் ஒன்று பூ வளர்த்தது. மாங்காய் மட்டும் இல்லை. ஊறுகாய் இல்லாத சோற்றை ஜெயலீலா அளைந்து அளைந்து வைத்துவிடுவாள். ஆறு மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிற்று.

ஏப்ரல் வந்தது. ஆப்ரிகாட் மரத்தில் கிளை கொள்ளாமல் பிஞ்சு பிடிக்கும். பாதியைத் தட்டி உதிர்த்தால்தான் மிச்சம் பெரிதாகப் பழுக்கும். சால் பெர்டோனி மூங்கில் கழியால் தட்டிக்கொண்டே போக, தரையெல்லாம் பச்சைப் பிஞ்சாகக் கிடந்தது. வேலை முடிந்து வந்த மோசஸ் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை அம்மா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். அப்படியே கோட்டும் டையுமாக மண்டி போட்டு வாளி நிறையப் பொறுக்கினார். ஜூடித் வேலிமேல் உட்கார்ந்து உப்பைத் தொட்டுத் தொட்டுத் தின்றாள். உப்பு ருசி நிச்சயமாக நினைவிருக்கிறது. அதை யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது.

மறுநாள் காலை வாசலில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு இருந்தது. அதற்கடுத்த நாள் மீன் போட்டு அவித்த மக்ரோனி. பிறகு போர்ச்சுகீசியர் மானுவல் வீட்டிலிருந்து இனிப்பு ரொட்டி, ஜூடித் அளவுக்கு ஒரு பழைய குளிர்க்கோட்டு, டப்பா டப்பாவாக சூப்பு.

"புதுசா வர்றவங்களுக்கு இப்படிச் செய்யுறது இந்த ஊர் வழக்கம் போல," என்று மோசஸ் நெகிழ்ந்துபோனார். பதில் மரியாதையாக, ஊறிய ஊறுகாயைப் பாட்டிலில் அடைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். சால் ஒரு கரண்டி ஊறுகாயை ஜாம் என்று நினைத்து வாயில் போட்டுவிட்டுத் தோட்டத்துக் குழாயில் வாயை வைத்தவர், வெகுநேரம் எடுக்கவில்லை.

விஷயத்தை உடைத்தவன் நகமோட்டோவின் மகன் ஹென்றி. அவனுடைய அம்மா அந்த ஊறுகாயை மோந்து பார்த்தாள், விரலால் தொட்டு நக்கினாள், சிரிக்கத் தொடங்கினாள். அவளும் பச்சைப் பிஞ்சை உப்பில் போடுகிறவள். ஹென்றி நேரே சாலிடம் போய்ச் சொன்னான்: "அவங்க பட்டினி கிடக்கல. ஊறுகாய் போடுறாங்க."

அதற்குள் இவர்களுக்காகச் சர்ச்சில் ஒரு காணிக்கைத் தட்டுக்கூடச் சுற்றியாகிவிட்டது. சால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வந்தார். என்ன நடந்தது என்று புரிந்த மோசஸ் சிரித்த சிரிப்பில் நாற்காலி சாய்ந்தது. அன்றிலிருந்து, தோப்பு இருந்த வரைக்கும், ஒவ்வொரு ஏப்ரலிலும் கழியை எடுக்கும் முன் சால் தெருவே கேட்கக் கத்துவார்: "மோசஸ், வாளியைக் கொண்டு வா."

பிறகு எல்லாம் போயிற்று. எந்த வரிசையில் என்பதுதான் ஜூடித்துக்குக் குழப்பம். மரங்களைக் குவித்து எரித்தார்கள். வீடுகள் போயின. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி வந்தது. சால் கொடுத்த ஒட்டுக்குச்சி ஒன்றை மோசஸ் ஈரத்துணியில் சுற்றி இந்தப் புது வீட்டுக்கு எடுத்து வந்தார். பின்வாசலில் ஒரு கன்றில் ஒட்டுக்கட்டிய அது இப்போது மரமாக நிற்கிறது. ஒவ்வொரு கோடையிலும் ஊறுகாய் பாட்டில்களை டிக்கியில் வைத்துக்கொண்டு, எங்கெங்கோ சிதறிப்போன அத்தனை பேர் வீட்டுக்கும் போய் வருவார்.

போன் எண்களெல்லாம் ஜெயலீலாவுக்கு மனப்பாடம். அவள் சொல்லச் சொல்ல ஜூடித் சுழற்றினாள்.

"சால், நான் ஜூடித். மோசஸோட பொண்ணு." விஷயத்தைச் சொன்னாள்.

 மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"பிஞ்சு உதிர்க்கிற நேரமாச்சே," என்றார் சால். பிறகு, "எத்தனை மணிக்கு?"

ஹென்றி நகமோட்டோ வருகிறேன் என்றார். மானுவல் செத்து வருஷமாயிற்று. அவருடைய இரட்டைப் பிள்ளைகள் டோனியும் எடியும் வருவார்கள். பழ லாரி ஓட்டிய ரூபன் வருவார். சாலின் மகன் ஃபிராங்க் வரலாம், தூக்க முடியாது. முதுகு ஆபரேஷன் ஆகி பெல்ட் போட்டிருக்கிறான்.

"அஞ்சு பேர்," என்றாள் ஜூடித். "நான் ஒரு பக்கம் பிடிக்கட்டுமா அம்மா?"

"நீ என்னயப் பிடிக்கணும்ட்டி," என்றாள் ஜெயலீலா.

மறுநாள் காலை சர்ச் வாசலில் வெயில் சுகமாக இருந்தது. விட்லோ வண்டியைத் தூண் மறைவில் தயாராக வைத்திருந்தார். சால் கைத்தடி ஊன்றி வந்தார். முழங்கால் மடங்கவில்லை. ஹென்றிக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. இரட்டையர் ஆளுக்கொரு அளவில் தொப்பை வைத்து, இப்போது யார் எவர் என்று சுலபமாகத் தெரியும்படி ஆகியிருந்தார்கள். ரூபன் மட்டும் அப்படியே இருந்தார். ஜூடித் ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டாள்.

"சால், எனக்கு ஒண்ணு தெரியணும். முதல்ல போனது எது? உங்க தோப்பா, இவங்க பூந்தோட்டமா?"

"என்னுதுதான்," என்றார் சால்.

"இல்ல. எங்களுது," என்றார் ஹென்றி. "உன் மரத்தை எரிச்ச புகையை நாங்க புது வீட்டிலேர்ந்து பார்த்தோம்."

"என் மரம் எரிஞ்சப்போ உங்கம்மா என் பக்கத்துல நின்னாங்க. எனக்கு டீ குடுத்தாங்க."

"அது வேற நாள்."

"டீ எனக்குத் தெரியாதா?"

ஜூடித் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நினைவு குழம்பியது தனக்கு மட்டும் இல்லை என்று அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆராதனை முடிந்தது. விட்லோ அவளருகே வந்து ஐந்து பேர் போதாது, அதிலும் ஒருவர் தடியோடு இருக்கிறார் என்று காதோடு சொன்னார். சர்ச்சில் பலமான இளைஞர்கள் இருந்தார்கள்தான். புதிதாக வந்தவர்கள், மோசஸை இரண்டு ஞாயிறு பார்த்தவர்கள். ஒருவர் எழுந்தும் வந்தார். ஜெயலீலா அவரைக் கும்பிட்டு, "இருக்கட்டும் தம்பி. தெருக்காரங்கதான் தூக்கணும்," என்று சொல்லிவிட்டாள். விட்லோவின் கை வண்டிப்பக்கம் போயிற்று. 

அப்போது பின்வரிசையிலிருந்து ராமசுப்ரமணியன் வந்தான். எதிர்வீட்டு இன்ஜினியர், கல்யாணமாகாதவன். சனிக்கிழமைதோறும் தயிர்சாதத்தோடு வந்து, அங்கிள், கொஞ்சம் ஊறுகாய் என்று நிற்பவன்.

"ஆன்ட்டி, நான் தூக்கறேன். நானும் அந்தத் தெருதான்."

"நீ எப்படிப்பா?"

"அந்தக் கம்பெனியிலதானே வேலை பார்க்கறேன். தினம் அங்கதான் கார் நிறுத்தறேன்."

ஜூடித் அதை சாலுக்கு இங்கிலீஷில் சொன்னாள். சால் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க நிறுத்துற?"

"கட்டடத்துக்குப் பின்னாடி சார். கடைசி வரிசை. வேலி ஓரமா ஒரு பழைய வால்நட் மரம் இருக்கு, அதுக்குக் கீழே. நிழல் இருக்கும்."

சால் தடியை மறு கைக்கு மாற்றினார்.  ஆர்கன் வாசித்த பெண் மூடியைப் பாதி மூடியபடி நின்றாள்.

"அந்த வால்நட் என் அப்பா வெச்சது," என்றார் சால். "அது என் பம்ப் ரூம் இருந்த இடம்." ஹென்றியிடம் திரும்பினார். "இவன் தெருக்காரன்தான்."

"பின்னே," என்றார் ஹென்றி.

ஜெயலீலாவுக்கு மட்டும் ஒரு கவலை. "தம்பி, உங்க வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அம்மா மயிலாப்பூர்ல இருக்கா ஆன்ட்டி. அங்கேர்ந்து பார்த்தாத் தெரியாது. ஆத்துக்குப் போய்க் குளிச்சுடறேன்."

அவன் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு சாலுக்குப் பின்னால் போய் நின்றான். தடியை என்ன செய்வது என்று தெரியாமல் சால் அதன் வளைந்த பிடியைப் பெட்டியின் கைப்பிடியிலேயே மாட்டிவிட்டார். ஒன்று, இரண்டு என்று ரூபன் லாரிக்காரக் குரலில் எண்ணினார். பெட்டி எழும்பியது. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, ராமசுப்ரமணியன் தோளைக் கொடுத்ததும் நிமிர்ந்தது. அவர்கள் நடக்க நடக்க, தொங்கிய தடி பெட்டியின் மேல் டொக், டொக் என்று தட்டிக்கொண்டே வந்தது.

"மோசஸ் ஏதோ கேக்குறார்," என்றான் டோனி.

"வாளி கேக்குறார்," என்றார் ஹென்றி.

ஆறு பேரின் தோளும் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று பின்னால் வந்த ஜூடித்தால் சொல்ல முடியவில்லை. அம்மாவின் பிடி அவள் கையில் இறுகியது, பிறகு தளர்ந்தது. வண்டி தூணுக்குப் பின்னாலேயே நின்றது.

கல்லறையில் தடியைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. சால் ஃபிராங்க்கின் தோளைப் பிடித்தபடியே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். சாயங்காலம் விட்லோ அதை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். வேறு ஒன்று வாங்கிக்கொண்டேன், மோசஸ் வைத்துக்கொள்ளட்டும் என்று சால் போனில் சொன்னார்.

அதற்கடுத்த வருஷம் சால் போய்விட்டார். தூக்க ஆள் குறையவில்லை. ஹென்றி மகளோடு சாக்ரமென்டோவுக்குப் போனார், கிறிஸ்துமஸுக்குக் கார்டு போடுகிறார். இரட்டையர் டயர் கடை வைத்திருக்கிறார்கள். ரூபன் இன்னும் லாரி ஓட்டுகிறார், ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியும். ராமசுப்ரமணியனுக்கு கிரீன் கார்டு வந்தது. டெக்சாஸில் ரிச்சர்ட்சனில் வேலை கிடைத்துப் போனான், கல்யாணமும் ஆயிற்று. கோடையில் அவனுக்கு ஒரு பாட்டில் பார்சலில் போகிறது. அந்தக் கம்பெனி மூடிவிட்டது, வால்நட் மரம் நிற்கிறது. ஜூடித் ஏப்ரலில் லீவு போட்டு வருகிறாள்.

ஜெயலீலாவுக்கு இப்போது கை அவ்வளவாக உயராது. சாலின் தடியைத்தான் கொக்கியாகப் போட்டுப் பின்வாசல் ஆப்ரிகாட்டின் கிளையை வளைக்கிறாள். வேலை முடிந்ததும் அதைத் தாழ்ந்த கிளையிலேயே மாட்டிவிடுவாள். கீழே வாளி கவிழ்த்து வைத்திருக்கும்.