மடியில் வந்தவள்

இரட்டைப் பெண்களில் சின்ன வயதில் கொப்புளிப்பான் அம்மை யாருக்கு வந்தது என்ற ஒரே கேள்விக்கு, விடிந்ததிலிருந்து உம்மா பதிலை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். றைஸாவுக்கு உச்சி வரை எரிந்தது. வயிற்றில் நாலு மாதப் பிள்ளை. அறைக்குள் புருஷன் மஸாஹிர் மேலெல்லாம் கொப்புளத்தோடு கிடக்கிறான். சின்ன வயதில் அவளுக்கு அது வந்திருந்தால் பயமில்லை. வராவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து, சுணங்காமல் ஊசி போடவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"ஒருத்திக்குத்தான் வந்திச்சு, மகள். வள்ளத்துல வரக்குள்ள மேலெல்லாம் நெருப்பு. மடியிலயே வெச்சிருந்தன். தொத்திப்போடும் எண்டு மத்தவள வேற ஒரு பொம்புளைட்டக் குடுத்திட்டன். பொறகு ஒருத்திக்கும் வரல்ல."

"அந்த ஒருத்தி நானா, ஷம்லாவா? அதத்தானே கேக்கிறன்."

"ஷம்லாதான்... ரெண்டும் ஒரே அச்சுல இருந்தா நான் என்னத்தச் சொல்ல?"

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் கரையேறியபோது இரட்டையர்களுக்கு இரண்டு வயது. மடியில் வந்தவள் ஷம்லா என்றுதான் வீட்டில் பேச்சு. எந்தச் சண்டையிலும் அதைச் சொல்லியே அவள் றைஸாவின் வாயை அடைப்பாள். கைமாற்றிக் கொடுத்த குற்றத்துக்கோ என்னவோ, மீனில் பெரிய துண்டு எப்போதும் றைஸாவின் சோற்றுக் கோப்பையில்தான் விழும்.

இத்தனைக்கும் உயர்தர வகுப்புக்கு நிர்ப்பீடனம், உடம்பின் நோயெதிர்ப்பு, படிப்பிக்கிறவள் றைஸா. கிருமியை அடையாளம் கண்ட ரீ கலங்கள் என்ற வெள்ளணுக்கள் தமக்குள் சேதி கடத்திப் பெருகும், சண்டை முடிந்ததும் பெரும்பாலானவை செத்துப்போகும், மிஞ்சிய சில ஞாபகக் கலங்களாய் வருஷக்கணக்கில் காத்திருக்கும் என்று கரும்பலகை நிறைய வரைகிறவள். கண்ணுக்குத் தெரியாத கலத்துக்கு இருக்கிற ஞாபகம் பெற்றவளுக்கு இல்லையே என்று புறுபுறுத்துக்கொண்டே போய்ச் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் டொக்டர் ஃபோனில் சொன்னார். "பயப்பட வேணாம், ரீச்சர். உங்களுக்கு முந்தியே வந்திருக்கு. நிர்ப்பீடனம் நல்லா இருக்கு."

றைஸா வயிற்றைப் பிடித்தபடி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத்தானாம், உம்மா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்ற உம்மாவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. "அப்ப, மத்தது ஷம்லாவா? வள்ளத்துட அடுத்த தலைப்புலருந்து கைய நீட்டி நீட்டி அழுதுச்சே. நான் நீயெண்டெல்லா இவ்வளவு காலமும் நெனச்சன்."

சின்ன வயதில் எத்தனை இரவு அந்த மடிக்காக றைஸா தலையணையைக் கடித்து அழுதிருக்கிறாள். இப்போது அது கிடைத்தும், வள்ளத்தின் மறுமுனையில் கைநீட்டி அழுத ஷம்லாதான் கண்ணுக்குள் நின்றாள்.

"ஷம்லாட்டச் சொல்லிப்போடாத, மகள்."

மேசையில் ஃபோன் அதிரத் தொடங்கியது. ஷம்லாதான், இரத்தச் சோதனை என்னவாயிற்று என்று கேட்க அழைக்கிறாள். உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து மேசையின் விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.