கடைசி பஸ்ஸும் எங்கள் நாற்காலிகளும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் மாணவர்களைச் சின்னச் சின்ன ஆலோசனைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். தினமும் காலையில் கூடி, மனம்விட்டுப் பேசி, ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டுமாம். மற்ற ஆசிரியர்கள் பிடித்த பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டது போக, மிச்சம் மீதியைக் கணக்கு டீச்சர் தலையில் கட்டினார்கள். அந்த மிச்சம் மீதிதான் நாங்கள். உடைந்த தராசுகளும் காலி பாட்டில்களும் கிடந்த பழைய ஆய்வக அறையைக் காட்டி, இங்கே துணையாக இருங்கள் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் நாள் பாதிப் பேருக்குத்தான் நாற்காலி இருந்தது. யார் உட்காருவது என்று பிடித்துத் தள்ளிக்கொண்டோம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். சிடுமூஞ்சி என்பதுதான் வீட்டிலும் வெளியிலும் என் பெயர். "எல்லாருக்கும் இல்லன்னா யாரும் உக்கார வேண்டாம்" என்று கத்திவிட்டேன். ஆச்சரியம், யாரும் உட்காரவில்லை. பிறகு மற்ற நாற்காலிகள் வந்தும் பழக்கம் போகவில்லை: கடைசி ஆள் வரும்வரை எல்லோரும் நிற்போம். டீச்சர் மட்டும் முழங்கால் வலி என்று உட்கார்ந்துகொள்வார். நல்ல மனுஷிதான், ஆனால் துணைத் தலைமையாசிரியரின் நிழலைக் கண்டாலே வாயடைத்துப்போவார்.

கடைசி ஆள் எப்போதும் ஒருத்திதான். கடைசி பஸ் என்று பெயர் வைத்திருந்தோம். அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இரவு வேலை. அம்மா வீடு திரும்பி, தம்பிப் பாப்பாவைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் இவள் கிளம்ப முடியும். தலை பின்னாமல், மூச்சு வாங்க ஓடி வருவாள். "மகாராணி வந்தாச்சு, உக்காருங்கப்பா" என்பான் ஓட்டைவாய். அவன் வாய் சும்மா இருக்காது. அவள் சிரிப்பாளே தவிர ஒரு வார்த்தை பேசமாட்டாள். கால் கடுக்க நின்றாலும் நாங்கள் யாரும் முணுமுணுத்ததில்லை.

துணைத் தலைமையாசிரியரின் கழுத்தில் விசில் ஒன்று எப்போதும் தொங்கும். அதனால் அவர் பெயரும் விசில்தான். ஒருநாள் அவர் எங்கள் அறைக்கு வந்தார்.

"இன்னொரு நாள் லேட்டா வந்தா நீ இந்தக் குழுவுல கிடையாது" என்று அவளிடம் சொன்னார். "வருஷம் முடியிற வரைக்கும் தனி அறைதான்."

தனி அறை அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டே பெஞ்சுகள். சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், யாரோடும் பேசக்கூடாது.

"சார், அவங்க அம்மா வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"உன்னை யாரும் கேக்கல."

டீச்சர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விசிலைவிட அவர்மேல்தான் ஆத்திரம் வந்தது.

மாலையில் அவள் வீட்டுக்கு ஓடிய பிறகு மற்றவர்கள் கூடினோம். "ரெண்டு பெஞ்சுல எத்தனை பேரைத் திணிப்பாரு? நாளைக்கு வாசல்ல நின்னு, அவ வந்ததும் எல்லாரும் சேர்ந்தே லேட்டா போவோம்" என்றேன்.

"எங்கப்பா தோலை உரிச்சிடுவாரு" என்றான் ஓட்டைவாய். கொஞ்சம் யோசித்தான். "சரி, உரிச்சா உரிக்கட்டும்."

சொன்னால் வேண்டாமென்று அழுவாள் என்று அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் வாசலுக்கு வெளியே நின்றோம். மணி அடித்தது. அவளைக் காணோம். வெயில் ஏறியது, அப்போதும் காணோம். விசில்தான் வந்தார்.

"என்ன கூத்து இது?"

"எங்காளு ஒருத்தி வரணும் சார். வந்ததும் வர்றோம்." பெயரைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "அவ எல்லாருக்கும் முன்னாடியே வந்து உள்ள இருக்கா."

எங்கள் முகத்தில் ஈயாடவில்லை. பிறகுதான் தெரிந்தது: அவள் அம்மா மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி அன்று சீக்கிரம் வீடு வந்திருக்கிறார். நாங்கள் வாசலில் கூடும் முன்பே அவள் உள்ளே போய்விட்டாள்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தாயே" என்று ஓட்டைவாய் என் காதைக் கடித்தான்.

"வாயை மூடு."

விசில் எங்களை அறைவரை ஓட்டிக்கொண்டு போனார். டீச்சர் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். தலையை வாரிப் பின்னியிருந்த கடைசி பஸ், பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நாற்காலி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ ஒருத்திதான் ஒழுங்கு. உக்காரு" என்றார் விசில். "இவங்க எல்லாம் தனி அறைக்குப் போறாங்க."

"எல்லாரும் வரட்டும் சார்."

"அவங்க வரமாட்டாங்க. உக்காருன்னா உக்காரு."

உட்கார்ந்தால் தப்பித்தாள். உட்காருடி என்று கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், நாற்காலியைத் தூக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டாள்.

"எங்க போற?"

"தனி அறைக்கு சார். அங்க ரெண்டு பெஞ்சுதான் இருக்கு. இவங்களுக்குப் பத்தாது."

அவள் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதே இல்லை. உள்ளே புகுந்து ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கினோம். விசில் விசிலை ஊதினார், யாரும் திரும்பவில்லை. தாழ்வாரம் நெடுக எல்லா வகுப்பும் ஜன்னலுக்கு வந்துவிட்டது.

தனி அறையில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, சுவருக்கு முதுகைக் காட்டி வட்டமாக நாற்காலிகளைப் போட்டோம். ஓட்டைவாய் உட்காரப் போனான்.

"இருடா" என்றாள் கடைசி பஸ்.

தாழ்வாரத்தில் ஏதோ இழுபடும் சத்தம். கொஞ்சம் நிற்கும், மறுபடி இழுபடும். காலைத் தாங்கித் தாங்கி, தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு கணக்கு டீச்சர் வந்தார். விசில் பின்னாலேயே வந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டீச்சர் திரும்பவில்லை. நாற்காலியை வட்டத்தில் போட்டார். உட்காரவில்லை.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார்.

"இப்பதான் டீச்சர்" என்றாள் கடைசி பஸ். எல்லோரும் உட்கார்ந்தோம்.