கால்நடைப் பாலம்

காலையில் ஓடக்குடி ஊர் மாடுகளெல்லாம் புதுப் பாலத்தின் வாயில் கூட்டமாக நின்றன. முன்னால் நின்ற செவலைக் காளை மூக்கை நீட்டித் தளத்தை மோந்து பார்த்தது. பிறகு நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. மாடு மேய்க்கும் மாயவன் அதன் வாலை முறுக்கிப் பார்த்தான். காத்தாயி பாலத்தின் மேல் ஏறி நின்று, வைக்கோலைக் காட்டிப் பெற்ற பிள்ளையை அழைப்பதுபோல் அழைத்தாள். காளை வைக்கோலை ஆசையோடு பார்த்ததே தவிர, ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

மாட்டைக் குற்றம் சொல்லவும் முடியாது. தளம் முழுக்கச் சதுரம் சதுரமாக ஓட்டை விட்ட இரும்பு. குனிந்தால் அடியில் ஓடை மணல் தெரியும். முதல் தடவை நடக்கும்போது மனிதனே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். மாட்டுக்குக் குளம்பு எங்கே மாட்டிக்கொள்ளுமோ என்ற பயம் பிறவியிலேயே உண்டு.

பஞ்சாயத்துத் தலைவர் உத்திராபதி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாலம் கேட்டவர் அவர்தான். ஊருக்கு மேய்ச்சல் ஓடைக்கு அந்தப் பக்கம். ஐப்பசி மழையில் ஓடை ஓடத் தொடங்கிவிட்டால், மேயப் போன மாடு திரும்ப முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். போன மழையில் காத்தாயியின் சினைப்பசு வெள்ளத்தோடு போயிற்று. அடுத்த மழைக்குள் பாலம் வந்துவிடும் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். புரட்டாசியும் பாதி ஓடிவிட்டது. பாலம் வந்துவிட்டது, மாடுதான் ஏற மாட்டேன் என்கிறது.

எண்பத்தேழாம் வருஷத்துக் கதை இது. வெளிநாட்டு உதவியில் நடந்த திட்டம் என்பதால் எந்த நாட்டுக் கம்பெனி வேண்டுமானாலும் டெண்டர் போடலாம் என்று விதி. அரியலூரில் இரும்புப் பட்டறை வைத்திருந்த ராசாங்கமும் போட்டிருந்தான். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குத் தொட்டியும் ஏணியும் செய்து கொடுக்கிறவன். கடல் தாண்டி இருந்த ஒரு கம்பெனியோ, கப்பல் கூலியையும் சேர்த்து, அவன் கேட்டதில் பாதிக்கே செய்து தருவதாகச் சொன்னது.

பஞ்சாயத்து யூனியன் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்ததும் எல்லார் கண்ணும் உத்திராபதி பக்கம் திரும்பியது. ராசாங்கம் அவர் மனைவி செங்கமலத்தின் தம்பி. மச்சானுக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டார் என்று நாளைக்கு ஒருத்தன் வாய் கூசாமல் பேசிவிடுவானே! கை சுத்தமானவர் என்ற பெயரைத் தவிர அவர் பெரிதாகச் சம்பாதித்தது ஒன்றும் கிடையாது. ஆகவே வெளிநாட்டுக் கம்பெனிக்காக முதலில் கை தூக்கியவர் அவர்தான். செங்கமலம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பட்டறையில் இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகவும் காதில் விழுந்தது. கேட்டபோது மனசு என்னவோபோல் இருந்தது. ஆனாலும் பொதுக்காரியம் என்று வந்தபின் உறவு பார்க்க முடியுமா என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

இப்போது அவருக்குத் திட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. நேரே பஸ் ஏறி யூனியன் ஆபீசுக்குப் போனார். கிளார்க் வைத்திலிங்கம் நல்ல மனிதர், தேநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார். மாடு ஏறவில்லை என்றதும் அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் தெரிந்தது.

"மாடா? மாடு எதுக்குங்க அதுல ஏறுது?"

"மாட்டுக்குத்தானே பாலமே கேட்டோம். கால்நடைப் பாலம்னு நான்தானே எழுதிக் கொடுத்தேன்."

வைத்திலிங்கம் அலமாரியிலிருந்து கோப்பை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கால்நடையா போறதுன்னா நடந்து போறதுதானேங்க. மனுஷங்க நடந்து போறதுக்குப் பாலம்னு இங்கிலீஷ்ல மாத்தி அனுப்பினேன். பழனிக்குக் கால்நடையா போனாருன்னு நாம சொல்றதில்லையா?"

உத்திராபதிக்குத் திட்ட வாய் வரவில்லை. சொல்லத்தான் செய்கிறோம். மாட்டுப் பாலம் என்று எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை. சர்க்கார் காகிதத்தில் மாடு என்று எழுதுவது மரியாதையாக இருக்காதே என்று, அவர்தான் யோசித்து யோசித்துக் கால்நடை என்று போட்டிருந்தார்.

அடுத்து யூனியன் அதிகாரியான பி.டி.ஓ.விடம் போனார். பாதிச் செலவில் பாலம் கட்டிய யூனியன் என்று கலெக்டரே பாராட்டியிருப்பதாக அவர் பூரித்துப்போய்ச் சொன்னார். அங்கிருந்தே மெட்ராசில் இருந்த கம்பெனி ஏஜெண்டுக்கு டிரங்கால் போட்டுக் கொடுத்தார். ஏஜெண்ட் மிகவும் பணிவாகப் பேசினான். மனிதர் நடக்கும் பாலம் கேட்டீர்கள், மனிதர் நடக்கிறார்களா இல்லையா என்று கேட்டான். நடக்கிறார்கள் என்று இவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படியானால் சந்தோஷம் என்று போனை வைத்துவிட்டான்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் உத்திராபதிக்குத் தலை சுற்றியது. கிளார்க் தப்பாக எழுதவில்லை. கம்பெனிக்காரன் கேட்டதைத்தான் செய்தான். பி.டி.ஓ. மிச்சம்தான் பிடித்தார். தானும் நேர்மையாகத்தான் கை தூக்கினார். ஒரு பயலாவது ஒரு காசு தின்றிருந்தால் பழியை அவன் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். எல்லாரும் சரியாகச் செய்து காரியம் மட்டும் எப்படித் தப்பாகப் போகும்? யோசிக்க யோசிக்க ஒன்றும் விளங்கவில்லை.

"வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தா மழை நிக்குமா? என் தம்பிகிட்டப் போங்க" என்றாள் செங்கமலம்.

போனார். குத்திக்காட்டுவான் என்று பயந்துகொண்டுதான் போனார். ராசாங்கம் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினான். ஓட்டைகளின் மேல் கனத் தகடுகளைப் பொருத்திக் கொடுத்தான். பாலத்தில் மிச்சம் பிடித்ததில் பெரும்பங்கு அந்தத் தகட்டுக்கே சரியாகப் போயிற்று. மாடுகள் மோந்து பார்த்தன, தயங்கின, கடைசியில் ஏறின. ஊரே கைதட்டியது.

மூன்றாம் நாள் தூறல் போட்டது. ஈரத் தகட்டில் காத்தாயியின் கிடாரி வழுக்கி விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டது. காத்தாயி உத்திராபதியின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், அத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவருக்குப் பொங்கிவிட்டது. சைக்கிளை மிதித்து அரியலூர் போய்ச் சேர்ந்தார். தெருவே கேட்கும்படி மச்சானைப் பிடி பிடியென்று பிடித்தார். மாட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா, இதுதான் நீ தொழில் கற்ற லட்சணமா என்று வாய்க்கு வந்தபடி கேட்டார்.

ராசாங்கம் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டான். ஆட்களோடு போய்த் தகடுகளைக் கழற்றிவந்து, குளம்பு பிடித்து ஏறுவதற்குக் குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைத்தான். பொழுது சாய்வதற்குள் மறுபடி கொண்டுபோய் மாட்டியும் விட்டான். ஓடைக்கரையில் கை கழுவும்போது உத்திராபதி பக்கத்தில் வந்து நின்றார். காலையில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் என்று இழுத்தார்.

"அதுக்கென்ன மாமா. என் மேலயும் தப்பு இருக்கு, வழுக்கும்னு எனக்குத் தோணல. டெண்டர் எனக்கு வந்திருந்தாலும் முதல்ல ஏதோ ஒண்ணு தப்பாத்தான் செஞ்சிருப்பேன். ஆனா மறுநாளே நீங்க வந்து என் வாசல்ல நின்னு திட்டியிருப்பீங்க. நானும் அரியலூர்ல தலைநிமிந்து நடக்கணுமே, ஓடி வந்து சரி பண்ணிருப்பேன். அந்தக் கப்பல்காரன் வாசல் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பஸ்ஸில் உத்திராபதிக்கு விளங்காதது அந்தக் கரையில் நின்றபோது விளங்கியது.

அடுத்த யூனியன் கூட்டம் ஐப்பசி மழைக்கு நடுவே கூடியது. இன்னும் ஆறு ஓடைகளுக்குப் பாலம் வேண்டும், இதே கம்பெனி இன்னும் குறைத்துத் தருவதாகச் சொல்கிறது என்றார் பி.டி.ஓ. ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். உத்திராபதி மட்டும் எழுந்து நின்றார். பின்வரிசையில் ஒருவர், மச்சானுக்குப் பேசப் போகிறார் என்று முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்தது. போன தடவை இந்த முணுமுணுப்புக்குப் பயந்துதான் முந்திக்கொண்டு கை தூக்கினார். இந்தத் தடவை அது அவரை உட்கார வைக்கவில்லை.

"மச்சானுக்காகப் பேசுறேன்னே வச்சுக்கங்க. எனக்கு அந்தப் பேரு வந்தாலும் வரட்டும். வெளிநாட்டுக்காரன் கெட்டவன்னு நான் சொல்லல, மலிவா வாங்கறதும் தப்பில்ல. ஆனா ஊருக்குச் செய்யற காரியத்துல தப்பு வந்தா, அன்னைக்கே போய்க் கேக்கறதுக்கு ஒரு வாசல் இருக்கணும். அது இல்லாத இடத்துல நாம பாதி விலைக்கு வாங்கல. கேக்கற உரிமையையும் சேத்து வித்துட்டு வரோம்."

தூக்கிய கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு கையாகக் கீழே இறங்கியது.