மண் கேட்காத செடி

மண்ணைப் பற்றி ரெத்தினத்துக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது பாபநாசம் பக்கத்தில் பரவலான கருத்து. அதைப் பரப்பியவரும் ரெத்தினம்தான்.

அதனாலேயே மகள் எழில்மொழி கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்த கள்ளி மூன்று வருடமாக அவர் கண்ணை உறுத்தியது. முள்ளில்லாத கள்ளி. எங்கோ மழைக்காட்டில் மரக்கிளையைத் தொற்றிக்கொண்டு வாழும் செடியாம், சிவப்பாக உள்ளங்கை அகலத்துக்குப் பூக்குமாம், மண்ணே வேண்டாமாம். தேங்காய் நாரைச் சுற்றி அதைக் கொல்லை மாமரத்தின் கவட்டையில் கட்டிவிட்டு, "அப்பா, இதுல மட்டும் நீங்க கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். முழங்கால் ஆழத்துக்கு வண்டல் கிடக்கிற ஊரில் மண் வேண்டாம் என்கிற செடி! வீட்டுக்கு வந்த விருந்தாளி கை நனைக்க மாட்டேன் என்றதுபோல இருந்தது அவருக்கு.

இந்த மாசியில் முதன்முதலாக இரண்டு மொட்டு வைத்தது. கண்டுபிடித்தவள் அவர் மனைவி ராசம்மாள். கண்ணால் அல்ல, விரலால். அவளுக்குக் கண் நரம்பு காய்ந்துகொண்டு வந்தது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம் தெரியும். அதுவும் சித்திரை வரைக்கும்தான் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

"அந்தச் சிவப்பை ஒரு தடவை பாத்துட்டாப் போதுங்க. அப்புறம் போறது போகட்டும்."

"எழிலு போன்ல படம் அனுப்பியிருக்காளே, காட்டவா?"

"போன்ல நீங்ககூடத்தான் அழகா இருக்கீங்க."

ரெத்தினத்துக்கு இரண்டு மொட்டு போதவில்லை. அவளுக்குப் பார்க்க இருபதாவது வேண்டாமா? மறுநாளே செடியை அவிழ்த்தார். குடமுருட்டி ஆற்று வண்டலோடு மக்கிய சாணம் கலந்து, ஒரு பிடி டி.ஏ.பி. உரமும் போட்டுத் தொட்டியில் நட்டார். காலையில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர்.

"எழிலு வேணாம்னாளே," என்றாள் ராசம்மாள்.

"அவ கணக்கு டீச்சர். நான் நாப்பது வருசமா நெல்லு விளைய வைக்கிறவன். பாரு, கொத்துக் கொத்தா வரும்."

எட்டாம் நாள் செடியின் அடி கூழாகியிருந்தது. ஒன்பதாம் நாள் இரண்டு மொட்டும் தொட்டிச் சேற்றில் கிடந்தன. மகளுக்குப் போன் போட்டார்.

"மழை பெஞ்சாலும் கிளையில தண்ணி நிக்காதுப்பா. நீங்க அதை நாத்தங்கால்ல போட்டுட்டீங்க." கொஞ்சம் பொறுத்து, "நல்ல துண்டு ஏதாவது இருந்தா வெட்டி வைங்க," என்றாள்.

வெட்டினார். அடியிலிருந்து நுனிவரை வெட்டிக்கொண்டே போனார். எல்லாத் துண்டிலும் நடுவில் பழுப்பு ஓடியிருந்தது.

ராசம்மாள் கொல்லை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வரும் வழியில் மூன்று வேடிக்கைப் பேச்சு தயார் செய்திருந்தார். அவற்றை விட்டுவிட்டு, விழுந்த மொட்டு இரண்டையும் வேட்டி நுனியில் துடைத்தார்.

"ரெண்டும் விழுந்துடுச்சு புள்ள. நான்தான் கெடுத்தேன்."

"ஒண்ணைக் குடுங்க."

வாங்கி, நகத்தால் ஏடு ஏடாக உரித்தாள். பிறகு வலது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அப்படியும் இப்படியும் நகர்த்தினாள்.

"உள்ள சிவந்திருக்கா?"

சிவக்கவில்லை. வெளிறின பச்சை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஊரெல்லாம் புளுகிப் பழகிய வாய்தான்.

"இல்ல. பச்சையாத்தான் இருக்கு."

"தெரியுது," என்றாள். "நீங்க என்ன சொல்றீங்கன்னுதான் கேட்டேன்."

"ஏன்?"

"இனிமே நீங்க சொல்றதைத்தானே நான் பாக்கணும்."

ரெத்தினம் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எதிர்ல என்ன இருக்கு? சொல்லுங்க."

எதிரே அவருடைய வயல். அறுத்த தாள்தான் நின்றது; அதன் ஊடே தெளித்த உளுந்துகூட இந்த வருடம் சரியாக முளைக்கவில்லை. ஊரில் யாரிடமும் ஒப்புக்கொள்ளாத அதை, அவளிடம் அப்படியே சொன்னார்.